அவரும் இவரும்

ஜன்னல் கண்ணாடியின் விளிம்பில் காய்ந்து கல்லாகிப்போன பூச்சை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார் கண்ணாடிக்காரர். சுத்தியலால் தட்ட முடியவில்லை. கட்டிலில் கிடந்த மனைவி ஒவ்வொரு சத்தத்துக்கும் முகம் சுளித்தாள். அதனால் உளியின் பிடியை உள்ளங்கையாலேயே அழுத்தி, கொஞ்சம் நகர்த்தி, அவள் மூச்சைக் கவனித்துவிட்டு மறுபடி அழுத்தினார். காலையிலிருந்தே அவள் காற்று வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கதவுகளும் திறந்திருந்தன. அந்த அறையின் ஜன்னல்தான் திறக்காத ஜன்னல். குடிவந்த புதிதில், வெளிச்சம் வந்தால் போதும் என்று அவரே தன் கையால் பதித்த கண்ணாடி. எத்தனையோ வீடுகளுக்குத் திறந்து மூடுகிற ஜன்னல் போட்டுக் கொடுத்தவர், தன் வீட்டுக்கு இப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

விடியற்காலைப் பேருந்தில் வந்து இறங்கியிருந்த மகள், கதவோரம் நின்று பார்த்தாள்.

"அப்பா, இப்ப இது வேணுமா?"

"காத்து வேணும்ங்கறா."

அவள் தரையில் விழுந்த தூளைத் துடைப்பத்தால் ஒதுக்கினாள். கடைசி ஆணியைப் பிடுங்கியதும் கண்ணாடி சட்டத்திலிருந்து விடுபட்டது. அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். அதற்குள் அறைக்குள் காற்று வந்திருந்தது. சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியின் தாள்கள் புரண்டன. மனைவியின் நெற்றி முடி லேசாக அசைந்தது.

"இப்ப பரவாயில்லையா?" என்று குனிந்து கேட்டார்.

அவள் கண்ணை மூடியபடியே சொன்னாள். "காத்து வருதுங்க. அவர்தான் வரல."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் உளியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அவர் என்றால் ஆண்டவர். அந்த வீட்டில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இருவருமே பிறப்பால் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் மட்டும் கோயிலுக்குப் போகிறவர்களாகத்தான் வெகுகாலம் இருந்தார்கள். கடவுள் தன் வேலையைப் பார்க்கட்டும், நான் என் வேலையைப் பார்க்கிறேன் என்பார் கண்ணாடிக்காரர். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை. அங்கே அவளோடு எதிர்முனை பிடித்து மடிக்கிற அக்கா ஒருத்தி, சைக்கிள் கடை மாடியில் நடக்கிற ஜெபக்கூட்டத்துக்கு வா வா என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். தொல்லை தாங்காமல் ஒருநாள் போனாள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாருங்க" என்றாள்.

யார் என்று இவர் கேட்டார். அவள் புதுப்பெண்ணைப்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதைக் கேட்டு இவருக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொன்று உறுத்தியது. கல்யாணமான நாளிலிருந்து இவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது. இந்தா, இங்க பாரு, ஏய். மகள் பிறந்த பிறகு மகளின் பெயரோடு ஒரு அம்மா. இவருடைய அப்பாவும் அப்படித்தான் அழைத்தார். அதில் ஒரு குறை இருப்பதாக யாரும் சொன்னதில்லை. இப்போது எவரோ ஒருவர், முன்பின் தெரியாதவர், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார், அவள் முகம் இப்படி ஆகியிருக்கிறது.

அதுவரைக்கும் அவள் வாயில் அவர் என்றால் இவர்தான். அவர் கடைக்குப் போயிருக்கார், அவர் வந்ததும் சொல்றேன், அவருக்கு அது பிடிக்காது. அந்தச் சொல் கைமாறிப்போனது இவருக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டம்மா ஒருமுறை தையல் மெஷினை இரவல் கேட்டபோது, "அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த இவர் காதில் அது விழுந்தது. கேட்பாள், கேட்டதும் கொஞ்சம் யோசிப்பதுபோல இருந்துவிட்டுச் சரி என்று சொல்லலாம் என்று காத்திருந்தார். கேட்கவே இல்லை. ஒருநாள் பார்த்தால் மெஷின் பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட கேக்கவே இல்லையே?"

"உங்ககிட்டயா? நான் அவர்கிட்டல்ல கேட்டேன்."

தன் கண்ணாடிக் கடையில் இதைச் சொல்லிச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். "வீட்டுல எனக்குப் பதவி இறக்கம்பா. அவரா இருந்தவன் இவரா ஆயிட்டேன்." சொல்லும்போது தானும் சிரித்தார். ஆனால் சாயங்காலம் சமையலறையில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுகிற குரல் கேட்கும்போது சிரிப்பு வராது. தாழ்ந்த குரல். நடுநடுவே நிறுத்துவாள், எதிர்ப்பக்கம் பேசுகிறதைக் கேட்பதுபோல. சிலசமயம் சிரிப்பாள். இவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். அந்தக் குரலில் அவள் இவரிடம் ஒருநாளும் பேசியதில்லை. என்னதான் பேசுவீர்கள் இரண்டு பேரும் என்று ஒருதரம் கேட்டே விட்டார். எல்லாம்தான் என்றாள். என்னைப் பற்றியா என்றார். "உங்களைப் பத்தித்தான் ஜாஸ்தி" என்றாள். அதற்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று இவருக்குத் தெரியவில்லை.

மகளுக்கு இதெல்லாம் எரிச்சல். வெளியூரில் பல் மருத்துவமனை ஒன்றில் வேலை செய்கிறவள். அம்மா போனை எடுத்தாலே ஆண்டவரில் தொடங்கி ஆண்டவரில் முடிப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. உன் இயேசுவைப் பத்தித்தான் பேசப்போறேன்னா நான் வைக்கிறேன் என்று சொல்லிப் பலமுறை வைத்துவிட்டிருக்கிறாள். அப்புறம் இவர்தான் மகளைக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டியிருக்கும்.

வயிற்றுக்குள் கட்டி என்று தெரிந்தபோது அது ஏற்கெனவே ஈரலுக்குப் பரவியிருந்தது. தான் விரிப்பு மடித்த ஆஸ்பத்திரியிலேயே படுத்தாள். மூலைக்கு மூலை சேரவில்லை, யாரோ புதுசு, கவனமில்லாமல் மடிக்கிறாங்க என்று இவரிடம் விரிப்பைக் காட்டிக் குறை சொன்னாள். அப்போதெல்லாம் அவள் முகத்தில் பயமில்லை. அவர் பார்த்துக்குவார் என்றாள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகும் அதையேதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பேச்சு நின்றுபோனது. களைப்பு என்று இவர் நினைத்தார். வலி என்று நினைத்தார். ஒருநாள் முதுகைத் துடைத்துவிடும்போது அவளே சொன்னாள்.

"அவர் பேசறதில்லைங்க."

"தூங்கிப்போயிருப்ப நீ."

"இல்ல. நான் பேசறேன். சுவத்தைப் பாத்துப் பேசற மாதிரி இருக்கு. முன்ன பேசும்போது அந்தப் பக்கம் ஆள் இருக்கும். இப்ப இல்ல."

இவருக்குள் ஏதோ ஒன்று லேசாகத் துள்ளியது. அது மகிழ்ச்சி என்று புரிந்தபோது, கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிகிற சாக்கில் எழுந்து வெளியே போய்விட்டார்.

மாடிக் கூட்டத்தின் போதகர் வந்தார். வார நாட்களில் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். நல்ல மனிதர்தான். கட்டிலருகே முழங்காலிட்டு, இது சோதனை, ஆண்டவர் பொன்னைப்போலப் புடமிடுகிறார், பொறுத்திருங்கள் என்று சொல்லி ஜெபித்தார். கூட வந்த ஒரு அம்மாள் மட்டும், போகும் நேரத்தில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள். படுத்த படுக்கையில் தன் வாழ்க்கையை மூலைக்கு மூலை உதறிப் பார்த்தாள். கடைசியில் ஒன்று கிடைத்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது சலவைக்கூடத்திலிருந்து இரண்டு தலையணை உறைகளைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். அவை இன்னும் பீரோவின் அடித்தட்டில்தான் இருந்தன, நைந்துபோய். உடனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாங்க என்றாள். இவர் கடையைப் பூட்டிக்கொண்டு போனார். சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். இவர் சிரிக்காமல் நிற்பதைக் கண்டு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் அந்தக் கந்தலை வாங்கி வைத்துக்கொண்டார்.

குடுத்துட்டேன் என்று வந்து சொன்னதும் அவள் கண்ணை மூடினாள். அன்று பொழுது சாயும்வரை பேருந்துக்குக் காத்திருக்கிறவள்போலக் காத்திருந்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"இது இல்ல போலருக்குங்க. வேற ஏதோ."

இவருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டார். பேச வாயெடுத்ததுமே தடுமாற்றம். எப்படி அழைப்பது? கோயிலில் நீர் என்பார்கள். அது வாயில் வரவில்லை. நீ என்று சொல்லப் பழக்கம் போதாது. கடைசியில் அவள் சொல்கிற மாதிரியே சொன்னார்.

"உங்களை எனக்குத் தெரியாது. நமக்குள்ள பேச்சுவார்த்தை இருந்ததில்ல. எனக்குன்னு எதுவும் கேக்கல. அவளுக்கு ஒரு வார்த்தை. முன்ன பேசினீங்கல்ல, அந்த மாதிரி. நான் இருக்கறதுதான் இடைஞ்சல்னா, நான் வெளியில போய் நிக்கிறேன்."

குழாயை மூடிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, உண்மையாகவே வெளியே போனார். தெருவின் எதிர்ப்பக்கம், மூடியிருந்த ஒரு கடையின் முன்னால் நின்றார். ஒருவர் வந்து, உட்கார்ந்து, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போக எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் நின்றார். தன் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. ஆனாலும் தெரிந்தவர் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தபோது, அவரை வாசல் பக்கம் போகவிடாமல் தன் பக்கமே நிறுத்திக்கொண்டார்.

திரும்பிப் போய், சாதாரணமாகக் கேட்பதுபோல, யாராவது வந்தாங்களா என்று கேட்டார்.

"யார் வரப்போறா?" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, இன்று காத்து வருது, அவர்தான் வரல என்று சொல்கிறவரைக்கும்.

நண்பகலில் நர்ஸ் வந்து ஊசி போட்டாள். நாடியைப் பிடித்துப் பார்த்தாள். வாசலில் மகளிடம் ஏதோ சொன்னாள். உள்ளே வந்த மகள் அப்பாவின் பக்கத்தில் நின்று, "சாப்பிடறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இவர் தலையாட்டினார். தட்டு வந்தது, அப்படியே திரும்பிப் போனது.

மத்தியானத்துக்குமேல் கண்ணாடியில்லாத ஜன்னல் வழியாக வெயில் நேராகக் கட்டிலில் விழுந்தது. அவளுடைய விரல்கள் விரிப்பின் ஓரத்தைத் தேடித் தேடி ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டிருந்தன. மூச்சு நின்று நின்று வந்தது.

"இருட்டா இருக்குங்க."

இவர் எழுந்து விளக்கையும் போட்டார்.

"யாருமே இல்ல."

"நான் இருக்கேன்ல?"

"நீங்க இருக்கீங்க," என்றாள். இல்லை என்று மறுக்கவில்லை. ஆனால் அது போதவில்லை என்பது குரலில் இருந்தது.

பிறகு பயம் வந்தது. அவ்வளவு பயத்தை இவர் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. கண்கள் அகல விரிந்து எதையும் பார்க்காமல் எல்லாப் பக்கமும் அலைந்தன. இவருடைய மணிக்கட்டைப் பற்றியிருந்த கை இறுகியது, நகங்கள் தோலுக்குள் பதிந்தன. அவளை எங்கேயோ தள்ளுகிறார்கள், பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை என்பதுபோல இருந்தது. தண்ணீர் கொண்டு வா என்று மகளை அனுப்பினார். தலையைத் தடவினார். இந்தா, இங்க பாரு, இங்க பாரு என்றார். அது அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

யோசித்துச் செய்யவில்லை. குனிந்து, வாயைக் காதோடு வைத்து, அவள் பெயரைச் சொன்னார்.

நாக்குக்குப் பழக்கமில்லாத பெயர். முதல் எழுத்தே கரகரத்தது. மறுபடி சொன்னார். இந்தத் தடவை முழுதாக வந்தது.

அலைந்த கண்கள் நின்றன. மணிக்கட்டைப் பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

அது இவரிடம் பேசுகிற குரல் இல்லை. சமையலறையில், ஓடுகிற தண்ணீருக்கு நடுவே, இவர் உள்ளே நுழைந்ததும் நின்றுபோகிற அந்தக் குரல். இவருக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது, நான்தான், நான்தான் கூப்பிட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். அவள் காதுகொடுத்துக் காத்திருந்தாள்.

"வந்துட்டேன்," என்றார், அவள் காதுக்குள்.

"ஏன் இவ்வளவு நாள் பேசவே இல்ல?"

இதற்குச் சொல்ல போதகரிடம் ஏதாவது இருந்திருக்கும். இவரிடம் இருந்தது ஒன்றுதான்.

"இங்கதான் இருந்தேன். பக்கத்துலயேதான் இருந்தேன். எங்கயும் போகல."

அவள் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். ஒரு மூச்சு வந்தது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு இன்னொன்று.

"என்மேல கோபமா?"

"இல்ல. ஒண்ணும் இல்ல. என்னைக்குமே இருந்ததில்ல."

"இவரு…" என்று தொடங்கி நிறுத்தினாள். உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "இவருக்கு யாரும் இல்லைங்க. வெளியில காட்டிக்க மாட்டார். இவரை விட்டுடாதீங்க."

அவள் காத்திருந்தாள். இந்தப் பதிலை வாங்கிக்கொள்ளத்தான் மீதி மூச்சைப் பிடித்துவைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. தாமதிக்க முடியாது.

"விடமாட்டேன்," என்றார்.

அதன்பிறகு இரண்டு மூச்சு வந்ததா மூன்றா என்று இவருக்குத் தெரியாது. காதோரத்திலிருந்து முகத்தை எடுக்காமலே இருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பயந்த முகம் போய், வேலை முடிந்து வந்து அக்கடாவென்று படுத்தவளின் முகமாக அது ஆகியிருந்தது.

மகள் தண்ணீர்த் தம்ளரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அப்பா," என்றாள். "அம்மா யார்கிட்ட பேசினாங்க?"

இவர் மனைவியின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டார்.

"வந்துட்டீங்களான்னு கேட்டாங்க. நான் கேட்டேன்ப்பா. ஏன் பேசலன்னு கேட்டாங்க. அப்புறம் அம்மா முகம்…" அவள் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, கட்டிலின் மறுபக்கம் முழங்காலிட்டு, அம்மாவின் காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். "அம்மா சொன்னதெல்லாம் நிஜம்தான்ப்பா. நான்தான் ஒருநாளும் காது கொடுத்துக் கேக்கல."

இவர் மனைவியின் வாயைக் கையால் மெல்ல மூடிப் பிடித்துக்கொண்டிருந்தார். கை எடுத்தால் திறந்துகொண்டது. அதனால் எடுக்கவில்லை. சொல்வதாக இருந்தால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மகள் அழுது முடிக்கட்டும் என்று பார்த்தார். அவள் அழுது முடிப்பதற்குள் சலவைக்கூடத்து அக்கா வந்துவிட்டாள். மகள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா இரண்டு கையையும் உயர்த்தி ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். அதோடு அது தெரு முழுக்கப் போய்விட்டது.

மறுநாள் வீட்டு முன்னால் பந்தல் போட்டு, வாடகை நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். போதகர் வண்டிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு பாக்கியமான சாவு, ஆண்டவரே நேரில் வந்து அழைத்துப் போயிருக்கிறார் என்றார்கள். கையைப் பிடித்தவர்களுக்கெல்லாம் இவர் தலையாட்டினார். நகம் பதிந்த இடம் மணிக்கட்டில் கன்றிப்போயிருந்தது. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஆராதனையின் நடுவில் மகள் எழுந்து நின்று பேசினாள். நாலு பேருக்கு முன்னால் அவள் பேசி இவர் பார்த்ததில்லை. அம்மா கடைசி நாட்களில் ஆண்டவர் பேசவில்லை என்று தவித்ததையும், கடைசி நிமிடத்தில் அவர் வந்ததையும், தான் வாசலில் நின்று கேட்டதையும் சொன்னாள். "அம்மாவோட ஆண்டவர்னு நினைச்சுட்டிருந்தேன். நேத்துலருந்து எனக்கும் அவர் ஆண்டவர்," என்று முடித்தாள். பெண்கள் விம்மினார்கள். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இவர் முன்வரிசையில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதில்களைச் சொன்னது யாரென்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இவர். மற்றவர், இருந்தால், அவர். இல்லாவிட்டால் தெரிந்தது ஒருவருக்குத்தான். சாகிறவரைக்கும் அது அப்படியே இருக்கும்.

கணவராக நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று போதகர் அழைத்தார். இவர் எழுந்தார். எல்லா முகங்களும் இவர் பக்கம் திரும்பின. மகள் கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியில அவ பயப்படல," என்றார். இன்னும் ஏதோ வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். இவர் உட்கார்ந்துவிட்டார்.

கல்லறையில் மண் போடும்போது சலவைக்கூடத்து அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். அழுது அழுது அவளுக்குக் குரல் போயிருந்தது. நீங்களும் அவரைச் சொந்தமா அறிஞ்சுக்கணும் அண்ணா, இப்பவாவது, என்றாள். இவர் கையிலிருந்த மண்ணைப் போட்டுவிட்டு, அடுத்தவருக்கு இடம்விட்டு நகர்ந்தார்.

சாயங்காலம் வந்தவர்களெல்லாம் கலைந்த பிறகு போதகர் மட்டும் இருந்தார். பந்தலுக்கடியில் ஒரு நாற்காலியை இவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெகுநேரம் சும்மாவே இருந்தார். அதற்காகவே இவருக்கு அவரைப் பிடித்திருந்தது.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார் இவர்.

"கேளுங்க."

"ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் பேசிட்டா… அவரைக் கேக்காமலே. அவர் செய்வாருன்னு ஒரு வாக்கும் குடுத்துட்டா. அது என்ன ஆகும்?"

போதகர் யோசித்தார். கடை விவகாரம் என்று நினைத்தாரோ என்னவோ. யாருக்காகக் கொடுத்த வாக்கு என்று கேட்டார்.

இவர் வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது. அலம்பிய பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தினாள். மறுபடி பேசினாள். வீட்டுக்குள் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

"ஒண்ணும் இல்ல," என்றார். "சும்மா கேட்டேன்."

விடியற்காலையில் சரக்கு ஏற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போதகர் எழுந்தார். போகும்போது இவர் தோளில் ஒருதரம் கை வைத்து அழுத்தினார்.

நாற்காலி வாடகைக்காரர் தள்ளுவண்டியோடு வந்தபோது லேசாகத் தூறல் போட ஆரம்பித்திருந்தது. பந்தல் துணியை ஏற்கெனவே அவிழ்த்துவிட்டிருந்தார்கள். வந்தவர் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வண்டியில் ஏற்றினார். கடைசியில் இவர் உட்கார்ந்திருந்ததும் எதிரே கிடந்ததும் மட்டும் மிஞ்சின.

"உள்ள போய் உக்காருங்க ஐயா, நனையறீங்க. இதையும் ஏத்திடறேன்."

"இந்த ரெண்டும் இருக்கட்டும். நாளைக்கு எடுத்துக்கோங்க."

"யாராவது வராங்களா?"

இவர் எதிரே கிடந்த நாற்காலியைப் பார்த்தார்.

"தெரியல," என்றார்.

வாடகைக்காரர் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் திரும்பினார். தூறல் சற்றே வலுத்தது. கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, எட்டி, எதிரே இருந்த நாற்காலியின் இருக்கையைத் துடைத்தார்.